ஆளில்லாத நடைக்கூடங்களின் வெளிச்சம்

கைவிடப்பட்ட கட்டடங்களின் ஒளிப்படங்களில் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பவை அமெரிக்காவின் பழைய மனநலக் காப்பகங்களில் எடுக்கப்பட்டவை. முடிவில்லாமல் நீளும் நடைக்கூடம், வாழைப்பட்டை போல உரிந்து சுருண்டு தொங்கும் வண்ணப்பூச்சு, உயரமான சாளரங்களின் வழியே தரையில் சாய்ந்து விழும் வெயில் ஆகியவற்றைப் பார்த்ததும், சிதைவுக்கும் ஓர் அழகு உண்டு என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். சிதைவுதான் காரணம் என்றால் கூரை இடிந்த எந்தக் கிடங்கின் படமும் இப்படி மனத்தைப் பிடிக்க வேண்டும். எனக்கு அப்படி நேர்வதில்லை.

அந்த வெயில் அங்கே தற்செயலாக விழவில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு என்ற மருத்துவர், மனநோயாளிகளுக்கான மருத்துவமனையை எப்படிக் கட்ட வேண்டும் என்று 1854இல் விரிவாக எழுதினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த அவர், வெளிச்சமும் காற்றும் தோட்டமும் ஒழுங்கான அன்றாடமும் சேர்ந்தால் கலங்கிய மனம் தெளியும் என்றும், ஆகவே கட்டடமே சிகிச்சையின் ஒரு பகுதி என்றும் உறுதியாக நம்பினார். அவருடைய திட்டப்படி நடுவில் நிர்வாகக் கட்டடம் நிற்கும். அதன் இருபுறமும் நோயாளிகளின் கூடங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பின்வாங்கி, படிப்படியாக விலகிச் செல்லும். அப்படி விலகுவதால் ஒவ்வொரு கூடத்தின் முனையும் வெளியைப் பார்க்கும்; காற்று நேராக உள்ளே புகும். 250 பேருக்கு மேல் ஒரு மருத்துவமனையில் இருக்கக் கூடாது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

அந்த எண்ணிக்கைதான் முதலில் உடைந்தது. மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் நகரில் 1864இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய காப்பகம் 250 பேருக்காகத் திட்டமிடப்பட்டது. 1950களில் அதற்குள் சுமார் 2,400 பேர் இருந்தார்கள். 1955இல் நாடு முழுவதும் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். அத்தனை நெரிசலில், மருந்தாக எண்ணி உள்ளே வரவழைத்த அந்த வெளிச்சம் யாருக்கு மருந்தாகியிருக்கும்? பிறகு 1950களின் நடுவில் புதிய மாத்திரைகள் வந்தன. 1963இல் சமூக மனநல மையங்களுக்கான சட்டம் வந்தது. நோயாளிகளிடம் வாங்கும் வேலைக்குக் கூலி தர வேண்டும் என்று 1973இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அவர்கள் உழைப்பில் நடந்துவந்த பண்ணைகளும் பட்டறைகளும் நின்றுபோயின. கூடங்கள் காலியாயின. வெஸ்டன் 1994இல் மூடப்பட்டது. வெப்பமூட்டும் அமைப்பை நிறுத்திய கட்டடத்தில் ஈரம் சுவருக்குள் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கோடையில் இளகி, அடுக்கடுக்காகப் பூசிய வண்ணத்தைப் பெயர்த்தெடுத்தது.

ஒளிப்படக்காரர் உள்ளே நுழைவது இதற்கெல்லாம் பிறகுதான். கட்டில்களும் மனிதர்களும் நீங்கிய நடைக்கூடம், கிர்க்பிரைடு தாளில் நினைத்துப்பார்த்த நடைக்கூடமாக மறுபடியும் அவர் கண்ணில் படுகிறது. நாம் படத்தில் அழகு என்று உணர்வது, காப்பாற்ற முடியாமல்போன ஒரு நல்லெண்ணத்தின் வடிவத்தை. அதனாலேயே இந்தப் படங்கள் ஒருவகையில் உண்மையை மறைக்கவும் செய்கின்றன. நெரிசலையும் கூச்சலையும் நாற்றத்தையும் காலியான கூடத்திலிருந்து எவராலும் ஊகிக்க முடியாது.

ஆகவே கூடங்களைக் காட்டும் படங்களைவிடப் பொருள்களைக் காட்டும் படங்களையே நான் உயர்வாக மதிக்கிறேன். கட்டடக் கலை பயின்ற கிறிஸ்டோபர் பெய்ன் பல ஆண்டுகள் இத்தகைய காப்பகங்களைத் தேடிச் சென்று படமெடுத்தவர். நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் அவர் எடுத்த ஒரு படத்தில் வரிசையாகப் பல்துலக்கிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதே மாநிலத்தில் 1869இல் திறந்து 1995இல் மூடப்பட்ட வில்லர்டு மருத்துவமனையின் மாடி அறையில், நோயாளிகள் சேர்க்கைக்கு வந்த நாளில் கொண்டுவந்த 400க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஊழியர்கள் கண்டெடுத்தார்கள். அவற்றைத் திறந்து ஒவ்வொன்றாகப் படமெடுத்தவர் ஜான் கிறிஸ்பின். ஆனால் நோயாளிகளின் தனியுரிமையைக் காக்கும் விதிகளால் முழுப் பெயர்களை அவர் வெளியிட முடியவில்லை. வில்லர்டின் இடுகாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் பெயரில்லாமல் வெறும் எண்களின் கீழ்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே நோயாளியாக இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் மற்றவர்களுக்குக் குழி வெட்டிய ஒருவர் 1968இல் இறந்தபோது, அவருக்கும் எண்தான் கிடைத்தது; பெயர் பொறித்த நினைவுக்கல் 2015இல்தான் வைக்கப்பட்டது.

அதே 2015இல் நியூஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் காப்பகத்தின் முதன்மைக் கட்டடத்தை, உள்ளூர் மக்கள் எதிர்த்துப் போராடியும், இடித்துவிட்டார்கள். மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் காப்பகத்தில் பெரும்பகுதியை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள காப்பகத்தின் ஒரு பகுதி 2017இல் தங்கும் விடுதியாயிற்று. இப்படி ஒவ்வொன்றாகப் போகும்போது படங்களே கடைசிச் சான்றுகளாக எஞ்சுகின்றன. அவற்றை ஊர், ஆண்டு, கட்டடத்தின் பெயர் எதுவும் குறிக்காமல், பேய் பங்களா என்பதுபோன்ற ஒரு தலைப்பை மட்டும் போட்டு இணையத்தில் பரப்புகிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களை எழுத விதிகள் இடம் கொடுக்காவிட்டாலும், இடத்தின் பெயரை எழுத எந்தத் தடையும் இல்லை.