விடியக்காலையில வெதுவெதுன்னு ஒரு வாளி தண்ணி

கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல 18 மாடி அபார்ட்மெண்ட் ஒன்னுல மெயின்டனன்ஸ் டெக்னீசியனா இருந்தப்ப நடந்தது. 2020 செப்டம்பர்ல தண்ணி கட் ஆனத கேஎல்-ல இருந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க, சுங்கை சிலாங்கூர் ஆத்துல நாத்தம் புடிச்ச கழிவு கலந்து 4 சுத்திகரிப்பு நிலையத்த மூடி ஏறக்குறைய 12 லட்சம் தண்ணி பில் கணக்குக்கு தண்ணி நின்னுச்சே, அதுதான். தண்ணி திரும்பி வந்து ஒரு வாரம்கூட ஆகல, மேல் அஞ்சு மாடிக்காரங்க ஒவ்வொருத்தரா ஆபீஸ் கவுண்டருக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க. பைப்ப தொறந்தா நூல் மாதிரி வருதாம், ஹீட்டர் ஆன் ஆகவே மாட்டேங்குதாம்.

அபார்ட்மெண்ட் கமிட்டி சேர்மன் என்னை கூப்பிட்டு, "டேங்கி மொட்டை மாடியில தானே இருக்கு, பக்கத்து வீட்டுக்கே தண்ணி வரலன்னா எப்படிப்பா?"ன்னாரு. நிறைய பேருக்கு இந்த கணக்கு தலைகீழா தான் இருக்கு. தண்ணி எவ்வளவு ஒசரத்துல இருந்து எறங்குதோ அவ்வளவு தான் அதுக்கு பலம், 10 மீட்டருக்கு சுமாரா 1 பார் (தண்ணி பிரஷர அளக்கற அளவு). டேங்கிக்கும் 18-வது மாடி ஷவருக்கும் நடுவுல 3 மீட்டர் இருந்தா பெருசு, அதாவது 0.3 பார், அந்த பலத்துக்கு ஹீட்டர் சுவிட்ச் அசையாது. கீழ் மாடிகள்ல கதை வேற, அங்க பிரஷர குறைக்கவே தனியா வால்வு போட்டிருக்கு. அதனால மேல் அஞ்சு மாடிக்கு மட்டும் தண்ணிய அழுத்தி தள்ள ரெண்டு பம்பு உள்ள ஒரு பூஸ்டர் செட். அது கெட்டு போனாலும் டேங்கி தண்ணி தானா எறங்கட்டும்னு பக்கத்துலயே ஒரு பைபாஸ் பைப்பு, அதுல தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடற ஒரு செக் வால்வு.

நான் மேல போய் செஞ்ச முதல் காரியம் என்னன்னா பிரஷர் சுவிட்ச் நட்ட திருகுனது, 2.5 பார்ல நிக்க வேண்டிய பம்ப 4 பார்ல நிக்கற மாதிரி வச்சேன், கேஜ பாத்தா முள்ளு 1.2-லயே உக்காந்திருக்கு, சரி அப்புறம் பாப்போம்னு விட்டுட்டேன். (இத ஞாபகம் வச்சுக்கோங்க, நான் தான் மறந்துட்டேன்.) குப்பைய வடிகட்டுற ஸ்ட்ரெய்னர கழட்டுனேன், ஒரு கைப்பிடி துரு. பிரஷர் டேங்க்ல காத்து பாத்தேன், சரியா இருந்துச்சு. ரெண்டு வாரம் இப்படியே போச்சு. பம்ப் கம்பெனிக்காரன் வந்து பத்து நிமிஷம் பாத்துட்டு மோட்டார் தேஞ்சு போச்சு, ரெண்டு பம்பையும் மாத்தணும்னு 14 ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொட்டேஷன் குடுத்தான். கமிட்டியும் கையெழுத்து போட ரெடி.

அந்த வாரம் 18-வது மாடி அக்கா ஒருத்தவங்க லிஃப்ட்ல பாத்து ஏசிட்டு, போற போக்குல ஒன்னு சொன்னாங்க: "ஹீட்டர் தான் வேலை செய்யலையே, காலையில அஞ்சு மணிக்கு பைப்ப தொறந்தா மொத ஒரு வாளி மட்டும் வெதுவெதுன்னு வருது தம்பி, அதுலயே குளிச்சிடுறேன்." நான் வெயில் சூடுக்கான்னு சிரிச்சிட்டு வந்துட்டேன். மத்தியானம்னா சரி, மொட்டை மாடி பைப்பு கொதிக்கும். விடியக்காலையில ஏது வெயில்? மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் (ஆத்துன டீ) குடிக்கறப்ப தான் அது மண்டையில ஏறுச்சு, பாதி கிளாஸ வச்சுட்டு ஓடுனேன்.

பைபாஸ் பைப்புல கைய வச்சேன், சூடு. வீட்டுக்கு போற வால்வ மூடிட்டு பம்ப ஓட விட்டேன், தண்ணி போக வழியே இல்லாதப்ப முள்ளு ஏறணும், ஏறல. அப்புறம் பைபாஸ்ல இருந்த கேட் வால்வ மூடுன உடனே முள்ளு சர்ருன்னு ஏறி 4-ல நின்னுச்சு, பம்பும் நின்னுச்சு. பம்ப் நல்லா தான் இருந்திருக்கு பாவம். செக் வால்வு வாய மூடாம பம்ப் தள்ளுற தண்ணி சுத்தி திரும்பி பம்புக்கே வந்திருக்கு, ராத்திரி யாரும் பைப்பு தொறக்காதப்ப அதே தண்ணி சுத்தி சுத்தி சூடாகியிருக்கு. கழட்டி பாத்தா கட்டைவிரல் நகம் அளவு துருப்பட்டை ஒன்னு சிக்கியிருக்கு. தண்ணி கட்டுல டேங்கி காலியாகி திரும்ப ரொம்புனப்ப அடியில கெடந்ததெல்லாம் கலங்கி வந்திருக்கும். புது வால்வு இருநூறு வெள்ளி சொச்சம்.

அன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல எனக்கு ஏக மரியாதை. ராத்திரி பத்து மணிக்கு செக்யூரிட்டி கார்ட் போன் பண்றாரு, 13ஏ-ல தண்ணி ஓடுதுன்னு. (நாலுங்கற நம்பர் சீனவங்களுக்கு ஆகாது, அதனால எங்க கட்டடத்துல 14-ஆவது மாடி கிடையாது, 13ஏ தான்.) பூஸ்டர் லைன்ல கடைசி மாடி அது. மேல 4 பார்னா அங்க எறங்கறப்ப 5-க்கு மேல போயிருக்கும். நான் என்னைக்கோ திருகுன நட்டு! சின்க்குக்கு அடியில பழைய ஹோஸ் வெடிச்சு, கிச்சன்ல கணுக்கால் தண்ணி, அந்த வீட்டு அங்கிள் சாரத்த தூக்கி கட்டிக்கிட்டு நிக்கறாரு. கீழ 13-ல சிலிங்கும் போச்சு.

மறுபடி 2.5-க்கு கொண்டு வந்து பேனல் கதவுல மார்க்கர்ல தேதியோட எழுதி வச்சேன், சுவிட்ச தொட்டா இங்க எழுதணும்னு. கமிட்டி சிலிங்குக்கு பணம் குடுத்துச்சு, ஹோஸ் நான் என் காசுல வாங்கி மாட்டுனேன்.

அந்த அங்கிள் அதுக்கப்புறம் லிஃப்ட்ல எப்ப பாத்தாலும், எத்தன பேர் இருந்தாலும் சத்தமா கேப்பாரு, "தம்பி, இன்னைக்கு எத்தன பார்?" அவர் பேசறத அரகொறையா கேட்டவங்கல்லாம் என்னை குடிகாரன்னு தான் நெனச்சிருப்பாங்க.