சோதனை வயல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

மரபணு மாற்றுப் பயிர்களுக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று பிரசாரம் செய்கிற குழுக்களில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், அவர்கள் முதலில் பகிர்வது உடம்பெல்லாம் கட்டி வந்த எலிகளின் படத்தைத்தான். அதைத் துண்டறிக்கையில் போடாதீர்கள் என்று சொன்னால் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். கடுமையான சட்டம் கேட்கிற பக்கம்தான், அதனால்தான் அந்தப் படம் வேண்டாம் என்கிறேன். மரபணு மாற்று மக்காச்சோளம் தின்ற எலிகளைப் பற்றி பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒவ்வொரு பிரிவிலும் வைத்திருந்த எலிகள் மிகக் குறைவு, எடுத்துக்கொண்ட எலி இனமோ வயதானால் தானாகவே கட்டி வருகிற இனம். வெளியிட்ட இதழே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருடம் வேறொரு இதழில் மறுபடி வந்தது உண்மைதான், ஆனால் எதிர்த்தரப்பு நம் மனுவை ஒரே நிமிடத்தில் ஓரங்கட்ட அந்த ஒரு படம் போதும்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. விற்பனையில் இருக்கும் மரபணு மாற்று உணவுகள் சாதாரண உணவைவிட உடலுக்கு அதிகம் ஆபத்தானவை என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. நம்மில் பலர் அந்த அறிக்கை இல்லாதது போலவே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் போக்கில் ஒப்புதல் இல்லை. அந்த அறிக்கையை முழுசாக ஏற்றுக்கொண்டே கடுமையான சட்டம் கேட்க முடியும், அப்படிக் கேட்டால்தான் அதிகாரிகளுக்குத் தட்டிக்கழிக்க வழி இருக்காது.

ஏனென்றால் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. அனுமதி கிடைக்காத விதை சோதனை வயலை விட்டு வெளியே போனால் யார் கண்டுபிடிப்பார்கள், நஷ்டத்தை யார் ஏற்பார்கள் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு இதுவரை நடந்திருப்பதைப் பார்த்தால், வெட்கக்கேடு என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஸ்டார்லிங்க் என்று ஒரு மரபணு மாற்று மக்காச்சோளம் இருந்தது (இப்போதைய செயற்கைக்கோள் இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). 1998-ல் அமெரிக்காவில் அதற்குக் கால்நடைத் தீவனமாக அனுமதி கொடுத்தார்கள், மனிதர்கள் சாப்பிட அனுமதி இல்லை. அதில் இருந்த க்ரை9சி என்ற புரதம் சீக்கிரம் செரிப்பதில்லை, ஒவ்வாமை உண்டாக்குமோ என்ற சந்தேகம் தீரவில்லை, அதனால் இந்தப் பாதி அனுமதி. காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா மக்காச்சோளமும் அதே லாரியில் ஏறி அதே கிடங்கில்தான் கொட்டப்படுகிறது, எது மாட்டுக்கு, எது மனிதனுக்கு என்று எந்த மணியிலும் எழுதியிருக்காது. 2000 செப்டம்பரில் கடையில் விற்ற டாக்கோ ஓடுகளில் (மெக்சிகோ பாணி உணவுக்கான மடித்த மொறுமொறு ரொட்டி) அந்த மக்காச்சோளம் இருப்பது தெரியவந்தது. 300-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள், இத்தனைக்கும் நாட்டின் மொத்த மக்காச்சோளப் பரப்பில் அந்த ரகம் 1 சதவீதம்கூட இல்லை. ஒவ்வாமை வந்ததாகப் புகார் சொன்னவர்களைப் பரிசோதித்ததில் அந்தப் புரதம்தான் காரணம் என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. துண்டறிக்கையில் இதையும் சேர்த்தே எழுதுங்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த ஓடுகளை வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்பி, விஷயத்தை வெளியே கொண்டுவந்தது பிரசாரக் குழுக்கள். அனுமதி கொடுத்த அரசிடம் சந்தையில் போய்ச் சோதித்துப் பார்க்கிற ஏற்பாடே இல்லை.

இதைவிட மோசம் அரிசி. எல்எல்601 என்ற களைக்கொல்லி தாங்கும் நெல் ரகத்தை 1998-லிருந்து 2001 வரை அமெரிக்காவில் சோதனை வயல்களில் போட்டுப் பார்த்துவிட்டு, விற்பனைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டார்கள். 2006-ல் பார்த்தால் அது அமெரிக்க நீள அரிசியில் கலந்து கிடக்கிறது. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் கட்டுப்பாடு போட்டன, விலை விழுந்தது, அந்த விதையைக் கண்ணால்கூடப் பார்க்காத விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் 2011-ல் அந்த ரகத்துக்குச் சொந்தக்காரரான பேயர் நிறுவனம் 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. ஆனால் எப்படிக் கலந்தது? அரசு விசாரணை நடத்தியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கனடாவில் 2001-ல் பதிவை ரத்து செய்து அழிக்கச் சொன்ன டிரிஃபிட் என்ற மரபணு மாற்று ஆளிவிதை ரகம் 2009-ல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் தலைகாட்டியது. ஓரிகன் மாநிலத்தில் 2001-லேயே சோதனை முடிந்துபோன மான்சாண்டோ என்ற விதை நிறுவனத்தின் மரபணு மாற்றுக் கோதுமை 2013-ல் ஒரு வயலில் முளைத்து நின்றது, ஜப்பானும் தென் கொரியாவும் கோதுமை வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தின. அதற்கும் காரணம் தெரியவில்லை என்றே கோப்பை மூடினார்கள்.

காரணம் தெரியாமல் போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் சொந்தத் தணிக்கைப் பிரிவு 2005 டிசம்பரில் கொடுத்த அறிக்கையைப் படித்தால் புரியும்: தான் அனுமதி கொடுத்த சோதனை வயல்கள் சரியாக எங்கே இருக்கின்றன, அங்கே எப்படிப் பயிரிடுகிறார்கள், சோதனை முடிந்ததும் விளைந்தது என்ன ஆகிறது என்ற அடிப்படைத் தகவலே துறையிடம் இல்லை. இது பிரசாரக் குழுக்களின் குற்றச்சாட்டு இல்லை, அரசின் தணிக்கையாளர்களே எழுதியது.

அதனால்தான் "தடை செய்" என்ற ஒற்றைக் கோஷத்தில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. தடை கேட்டால் அமைச்சர் சிரித்துக்கொண்டே மனுவை வாங்கிக்கொள்வார், பரிசீலிக்கிறோம் என்பார், முடிந்தது கதை. சோதனை வயல்களின் பட்டியலை இணையத்தில் போடு என்று கேட்டுப் பாருங்கள். போட முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் இது நடைமுறையில் இருக்கிற சட்டம். அங்கே மரபணு மாற்றுப் பயிர் போடுகிற நிலங்களுக்குப் பொதுப் பதிவேடு உண்டு, பக்கத்து வயலில் கலந்து நஷ்டம் வந்தால் பயிரிட்டவர் பொறுப்பு. இது உரிமை மீறல் என்று வழக்குப் போனது, அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 நவம்பரில் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று தெரிந்தால் வேலி எத்தனை அடி தள்ளிப் போட வேண்டும் என்று நிறுவனங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்து தரவு. பெரும்பாலான நாடுகளில் பாதுகாப்புச் சோதனைகளைச் செய்வது, அல்லது காசு கொடுத்துச் செய்விப்பது, அனுமதி கேட்கிற நிறுவனமேதான். அந்த அறிக்கைகளையும் வணிக ரகசியம் என்று பூட்டி வைத்தால் வெளியிலிருந்து யார் சரிபார்ப்பது? இந்தியாவில் பி.டி. கத்தரிக்காய் (புழுவைக் கொல்லும் விஷத்தைத் தானே சுரக்கும்படி மரபணு மாற்றியது) விவகாரத்தில் அந்தப் பூட்டைத் திறக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வெளியே வந்த பிறகுதான் மற்ற விஞ்ஞானிகள் அதைப் படித்துக் கேள்வி கேட்டார்கள். அப்புறம் 7 நகரங்களில் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு முடிவைவிட அந்த வழிமுறைதான் முக்கியம்.

அனுமதி கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றி நம் மனுக்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய குறை. பி.டி. பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின் ஒரு பகுதியில் சாதாரணப் பருத்தி போட வேண்டும் என்று ஒரு விதி. அங்கே வளர்கிற, விஷத்துக்குப் பழகாத புழுக்கள் மற்றவற்றோடு இனம் சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி பரவுவது தாமதமாகும். இந்தியாவில் இதற்காக விதைப் பையோடு தனியாக ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதை விதைக்கவே இல்லை, விதைத்தார்களா என்று பார்க்கவும் யாரும் வரவில்லை. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்திக்கு அடங்க மறுத்தது, சில வருடங்களில் இரண்டாம் தலைமுறையையும் தாண்டிவிட்டது. அதே புழுவை அமெரிக்காவில் இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து, அப்புறம் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018-ல் பருத்தி வயல்களிலிருந்து ஒழித்தேவிட்டதாக அறிவித்தார்கள். புழு ஒன்றுதான், மேற்பார்வைதான் வேறு. கடுமையான விதி தொழில்நுட்பத்துக்கு விரோதம் என்று சொல்கிறவர்களிடம் நான் எடுத்துவைப்பது இந்த உதாரணத்தைத்தான்.

விதைக்கு ஒரு அலுவலகம், வயலில் அடிக்கிற மருந்துக்கு இன்னொரு அலுவலகம் என்று பிரித்து வைப்பதிலும் வினை இருக்கிறது. டைகாம்பா என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா விதை அமெரிக்காவில் 2016-ல் விற்பனைக்கு வந்துவிட்டது, அதற்கென்று தயாரித்த, அவ்வளவாகக் காற்றில் பறக்காத புதிய கலவைக்கு அப்போது அனுமதி வரவில்லை. விதையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா, சிலர் பழைய கலவையையே அடித்தார்கள். அடுத்த வருடம் புதிய கலவைகள் வந்தும் பிரச்சினை தீரவில்லை, பக்கத்து வயல்களில் லட்சக்கணக்கான ஏக்கர் சோயா சுருண்டது. விதையும் அதோடு சேர்ந்த மருந்தும் ஒரே மேசையில் ஒன்றாகப் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று ஒரு கோரிக்கை சேர்த்தால் என்ன?

இப்போது புதுத் தலைவலி மரபணுத் திருத்தம். வெளி மரபணு எதையும் சேர்க்கவில்லை, உள்ளே இருப்பதைத்தான் திருத்துகிறோம், அதனால் பழைய விதிகள் வேண்டாம் என்பது வாதம். இந்தியா 2022-ல் இதில் சில வகைகளுக்கு விலக்கு கொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் நேர்மாறாக, இவையும் பழைய சட்டத்துக்குள்தான் வரும் என்றது. அமெரிக்காவில் 2020-ல் விதிகளைத் தளர்த்தினார்கள், 2024 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்துவிட்டது. எல்லாத் திருத்தமும் ஒரே அளவு ஆபத்து என்று நான் நினைக்கவில்லை, மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய நெல்லுக்கும் பூச்சி விஷம் சுரக்கும் சோளத்துக்கும் ஒரே அளவு சோதனை கேட்பது வீண். ஆனால் விலக்கு பெற்றாலும் பதிவு செய், அதைக் கண்டுபிடிக்கிற சோதனை முறையை ஒப்படை என்று கேட்பதில் என்ன தப்பு? ஐரோப்பாவில் அனுமதி கேட்கிற நிறுவனம் இனம் காணும் முறையையும் மாதிரியையும் கொடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் லேபிள் ஒட்டச் சொல்வது வெறும் சடங்கு, ஒட்டாமல் விட்டவரைப் பிடிக்கவே முடியாது.

ஒரு எதிர்வாதம் மட்டும் என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது. விதி கடுமையானால் செலவு ஏறும், அந்தச் செலவைத் தாங்கக்கூடியவை பெரிய நிறுவனங்கள்தான், அரசுப் பல்கலைக்கழகத்தின் ரகம் வெளியே வராமலே போகும் என்கிறார்கள். இதில் நிறைய உண்மை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, சோதனையை நிறுவனத்தின் கையிலிருந்து எடுத்துப் பொது ஆய்வகங்களிடம் கொடுத்து, கட்டணத்தை விண்ணப்பிப்பவரின் அளவுக்கு ஏற்ப வைப்பது. அரசுக்கு இதில் செலவு உண்டு. அந்தச் செலவையும் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

வரைவு விதி வந்தால் கருத்து அனுப்ப அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான் கிடைக்கிறது. ஒரே வாசகத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்பினால் பல இடங்களில் அதை ஒரே கருத்தாகக் கட்டி வைத்துவிடுகிறார்கள். அதனால் எந்தப் பிரிவு, எந்த வரி, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள், அரைப் பக்கம் போதும். வரைவின் அறிவிப்பு எண்ணை மேலே போட மறக்காதீர்கள், பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அது தேவைப்படும்.