சிறுநீர் கல்ச்சர் செய்முறைத் தேர்வு: கிருமியிலிருந்து தொடங்குங்கள்

மைக்ரோபயாலஜி செய்முறைத் தேர்வுக்குப் போகும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுநீர்த் தொற்று கேஸ் வந்தால் பலரும் ஆன்டிபயாடிக் பட்டியலை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். நான் படித்த வரிசை வேறு, அது நன்றாகவே கைகொடுத்தது. முதலில் கிருமி எது, அடுத்து எந்த மருந்து அதனிடம் இயல்பிலேயே பலிக்காது, அதற்கப்புறம்தான் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் வட்டம்.

சிறுநீரில் எத்தனை கிருமிகள் என்ற எண்ணிக்கைக் கணக்கு கட்டாயம் கேட்பார்கள். 0.001 மில்லி லூப்பில் (சிறுநீரை அளந்து எடுக்கும் வளையக் கம்பி) எடுத்ததில் 100 காலனி (கிருமித் திட்டு) வளர்ந்தால் ஒரு மில்லிக்கு 1,00,000.

மெக்கான்கி அகாரில் (கிருமி வளர்க்கும் ஊடகங்களில் ஒன்று) ஈ.கோலை இளஞ்சிவப்பு. கிளெப்சியெல்லாவும் அதே நிறம்தான், ஆனால் கொழகொழவென்று இருக்கும். புரோட்டியஸ் நிறமில்லாமல் வளரும். பிளட் அகாரில் அலையலையாகப் பரவும். சி.எல்.இ.டி. அகாரில் உப்பு குறைவு என்பதால் அந்தப் பரவல் அடங்கிவிடும். "ஏன் சி.எல்.இ.டி.?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது மனதில் ஆழப் பதிய வேண்டியது. கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் வேலை செய்யாது. புரோட்டியஸுக்கு நைட்ரோபியூரன்டாயின் வேலை செய்யாது. என்டரோகாக்கஸுக்குச் செபலோஸ்போரின்கள் உதவாது. தட்டில் வட்டம் தெரிந்தாலும் இவற்றை "சென்சிடிவ்" (மருந்து பலிக்கும்) என்று ரிப்போர்ட் செய்யக் கூடாது. கிருமியின் பெயர் தெரியாமல் வட்டத்தைப் படிப்பது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து சிறந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஈ.கோலை தட்டில் நைட்ரோபியூரன்டாயினுக்கும் சிப்ரோபிளாக்சசினுக்கும் 20 மி.மீ. வட்டம் என்று வைத்துக்கொள்வோம். சி.எல்.எஸ்.ஐ. என்ற ஆய்வகத் தரநிலை அமைப்பின் அட்டவணைப்படி முதலாவது சென்சிடிவ் (17 அல்லது அதற்கு மேல் போதும்), இரண்டாவது ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து பலிக்காது (சென்சிடிவ் ஆக 26 வேண்டும், 21-க்குள் இருந்தால் ரெசிஸ்டன்ட்). ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. அட்டவணை அவ்வப்போது மாறும். உங்கள் லேபில் இருக்கும் புதிய பதிப்பையே பாருங்கள்.

இந்த வட்டச் சோதனைக்கு முல்லர்-ஹின்டன் அகார், 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கல் (கிருமிக் கரைசலின் அடர்த்தி அளவு), 16 முதல் 18 மணி நேர இன்குபேஷன்: இவற்றை ஒரு மூச்சில் சொல்லிப் பழகினால் போதும்.

வைவா (வாய்மொழித் தேர்வு) பெரும்பாலும் நோயாளியிடம் போய் நிற்கும். காய்ச்சலும் விலா வலியுமாக வந்தவருக்கு, ரிப்போர்ட்டில் சென்சிடிவ் என்றிருக்கும் நைட்ரோபியூரன்டாயினைக் கொடுக்கலாமா? கூடாது. அது சிறுநீரில்தான் போதிய அளவு சேரும். சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் சேராது. நீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு மட்டுமே அது சரி.