பழைய மூன்று பேண்ட் பெட்டியில் மறுபடி பாட்டு: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் செய்து பார்த்தவை

போனில் நினைத்த பாட்டை நினைத்த நொடியில் போடலாம். அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் சுகம் வானொலியில்தான் உண்டு. ஆனால் கொழும்பில் பழைய பெட்டியைத் தூசி தட்டி முறுக்கினால் முதலில் இரைச்சல்தான் வரும். ‘ஸ்டேஷன் சரியில்லை’ என்று பலர் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நிலையத்தில் குறை இருப்பது அரிது. பெட்டிக்குள் காய்ந்துபோன கண்டென்சர் (மின்னைத் தேக்கிவைக்கும் சிறு உறுப்பு), வீட்டுக்குள் மின் இரைச்சல், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இந்த மூன்றையும் திருத்திய பிறகுதான் நிலையத்தைப் பற்றிப் பேசலாம்.

இங்கே எழுதுவது 4 பெரிய டோர்ச் பற்றரி (6 வோல்ட்) போடும், மத்திய அலை, சிற்றலை, எப்.எம். மூன்றும் உள்ள மேசைப் பெட்டி ஒன்றைத் திருத்திய விவரம். அநேகமாக எல்லா ட்ரான்சிஸ்டர் பெட்டிக்கும் இது பொருந்தும்.

பெட்டி வாங்குமுன்

பழைய சாமான் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த அழகான பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். டயலைப் பார்த்து வாங்குங்கள். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டியின் எப்.எம். 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடிந்துவிடும். நமக்கு வேண்டியது 87.5 முதல் 108 வரை. ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். காருக்குப் பேண்ட் எக்ஸ்பாண்டர் போட்டுச் சமாளிக்கிறார்கள். முள் ஓடும் பழைய பெட்டியில் எப்.எம். ஓசிலேற்றர் கொயிலின் (பெட்டி தானே உண்டாக்கும் அலையைத் தீர்மானிக்கும் கம்பிச் சுருள்) சுற்றுகளை மெல்ல விரித்து அலைவரிசையை மேலே தள்ளலாம். கூடவே ஏரியல் சிக்னலைத் தெரிவுசெய்யும் ஆர்.எப். கொயிலையும் விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காது கேளாத பெட்டியாகிவிடும். அப்படிச் செய்தாலும் 88 முதல் 108 வரை முழுவதும் உள்ளே வராது. அந்தப் பெட்டியின் ட்யூனிங் கண்டென்சர் குறுகிய பட்டைக்காகக் கணக்கிடப்பட்டது. மேலோ கீழோ சில மெகாஹேர்ட்ஸ் போய்விடும். மின்சாரத்தையும் பாருங்கள்: அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும்.

ஏற்றுமதிக்குச் செய்த, 88–108 என்று டயலில் எழுதிய பெட்டியே நல்லது. கண்டென்சர், ரெசிஸ்டர், கம்பி எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கிடைக்கும்.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது

நீண்ட காலம் கிடந்த பெட்டிக்கு நேரே பற்றரி போடாதீர்கள். 10 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, அதன் இரு முனையிலும் மல்டிமீற்றரைப் பிடியுங்கள். வொல்யூமை முழுக்கக் குறைத்த நிலையில் 0.15 முதல் 0.4 வோல்ட் வரை காட்டினால் பெட்டி 15 முதல் 40 மில்லிஅம்பியர் இழுக்கிறது. அது சுகமான நிலை. 1 வோல்டுக்கு மேலே போனால் 100 மில்லிஅம்பியர் தாண்டிவிட்டது. உடனே நிறுத்தி, வடிகட்டும் கண்டென்சரையும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களையும் பாருங்கள்.

பற்றரிப் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் எந்தப் பற்றரி கசிந்தது என்று பார்த்துத்தான் கழுவ வேண்டும். சாதாரண கார்பன் பற்றரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். அல்கலைன் பற்றரியின் கசிவு காரம், அதற்கு வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு. பிறகு ஐசோப்ரொபைல் அல்ககோலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஸ்பிரிங்கை மென்மையான எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கொழும்பின் காலி வீதிக்குக் கடல் பக்கமாக வீடு என்றால் உப்புக்காற்று இந்த ஸ்பிரிங்கை மறுபடி தின்னும். மெல்லிய வஸலீன் பூச்சு போதும்.

பேண்ட் சுவிட்சுக்குக் கொன்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை அங்குமிங்கும் தள்ளினால் கறுத்த வெள்ளி மினுங்கும். வொல்யூம் கொன்ட்ரோலுக்கும் அதே வைத்தியம். ஆனால் சுத்தம் செய்து சில நாளில் ‘கரகர’ திரும்பினால் கொன்ட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்திலுள்ள கப்ளிங் கண்டென்சர் கசிந்து டி.சி. வோல்ட்டை அதற்குள் விடுகிறது. மல்டிமீற்றரை மில்லிவோல்டில் வைத்துக் கொன்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டால் தெரிந்துவிடும்.

கண்டென்சர்கள்: பாட்டின் அடித்தளம்

பெட்டியின் வேலைகளில் காதுக்கு அதிகம் தெரிவது இதுதான். ஸ்பீக்கருக்குப் போகும் பாதையில் ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருடன் 470 மைக்ரோபரட் இருந்தால் தாழ்ந்த ஒலி 42 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். 220 இருந்தால் 90 ஹேர்ட்ஸ் வரை. வயதாகிக் காய்ந்து 40 மைக்ரோபரட்டுக்கு வந்துவிட்டால் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். பாடுபவர் தகரக் குழாய்க்குள் நின்று பாடுவது போலிருக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அறவே கேட்காது, தபேலாவில் வலது கை மட்டும் டிக் டிக் என்று வரும். பழைய திரைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

அந்த இடத்தில் 470 மைக்ரோபரட், 16 வோல்ட் போட்டோம். சிறிய 3 அங்குல ஸ்பீக்கருக்கு அதற்கு மேலே போவதில் பயன் இல்லை. வடிகட்டும் கண்டென்சருக்கு 1000 மைக்ரோபரட், 16 வோல்ட். வோல்ட் அளவு பழையதைவிடக் கூடலாம், குறையக் கூடாது. 1, 4.7, 10 மைக்ரோபரட் சின்னதுகளையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, பெட்டியைப் போட்டுக் கேட்டபின் அடுத்தது. மொத்தமாகக் கழற்றினால் மறை, நேர் மாறிப் போகும் ஆபத்து கூட. ஐ.எப். (இடைநிலை அலை) ட்ரான்ஸ்போமர்களின் நிறம் பூசிய திருகுகளை மட்டும் தொடவே கூடாது. அவை தானாக விலகுவது குறைவு. கை வைத்தவர்தான் விலக்குகிறார்.

டயல் கயிறு

அறுந்திருந்தால் மீன்பிடி நூல் கட்ட வேண்டாம். அது வழுக்கும், இழுபடும். 0.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பின்னிய நைலோன் நூல் எடுங்கள். பழைய கயிறு போகும் பாதையைக் கழற்றுமுன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ட்யூனிங் தண்டில் இரண்டரைச் சுற்று, ஸ்பிரிங் பாதி இழுபட்ட நிலையில் முடிச்சு.

முள்ளைச் சரியான எண்ணில் நிறுத்த ஒரு நல்ல வழி உண்டு, கருவி எதுவும் வேண்டாம். ஏற்றுமதிப் பெட்டியின் எப்.எம். ஓசிலேற்றர் நிலையத்தைவிட 10.7 மெகாஹேர்ட்ஸ் மேலே ஓடும். பழைய பெட்டி 90இல் இருந்தால் அது 100.7இல் ஒரு மௌனமான அலையைக் கசியவிடுகிறது. எண் காட்டும் சின்ன டிஜிட்டல் வானொலி ஒன்றை அருகில் 100.7இல் வைத்து, பழைய பெட்டியின் ட்யூனிங்கை மெல்லத் திருப்புங்கள். டிஜிட்டலின் ‘உஸ்’ திடீரென்று அடங்கும் இடத்தில் முள் 90ஐக் காட்ட வேண்டும். 100.7இல் நிலையம் இருந்தால் அருகிலுள்ள வெற்றிடத்தை எடுத்து 10.7ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 97க்கு மேலே இந்த வழி எட்டாது. அங்கே தெரிந்த நிலையங்களை வைத்துச் சரிபார்க்கலாம். மத்திய அலைக்கும் இதே முறைதான், வித்தியாசம் 455 கிலோஹேர்ட்ஸ். கீழ் முனையை ஓசிலேற்றர் கொயிலிலும் மேல் முனையை ட்ரிம்மரிலும் (திருகித் திருத்தும் சிறு கண்டென்சர்) திருத்த வேண்டும். ஒன்று மற்றதை இழுக்கும் என்பதால் மாறி மாறிச் செய்தால்தான் நிலைக்கு வரும்.

கொழும்பின் நெரிசல்

எப்.எம்.மில் நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, பரிமாற்றக் கோபுரங்களும் பக்கத்தில். ஏரியல் நீளமானால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது கெடுதல். கம்பி ஏரியலின் சரியான நீளம் 75 சென்ரிமீற்றர், கால் அலை. முறிந்திருந்தால் அதே நீளத்துக்கு ஒரு வயர் போதும். அதற்கு மேலே நீட்டினால் பலமான நிலையம் டயலில் இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டும். அப்படி நடந்தால் ஏரியலை மடக்குங்கள்.

பக்கத்து நிலையம் பாட்டுக்குள் நுழைந்தால் உள்ளே இருக்கும் 10.7 மெகாஹேர்ட்ஸ் செராமிக் பில்டரை (பக்கத்து நிலையங்களைத் தடுக்கும் வடிகட்டி) பாருங்கள். பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் 280 கிலோஹேர்ட்ஸ் அகலம். 180 அகலமுள்ளதை மாற்றிப் போட்டால் வேலி உயரும். முகத்திலுள்ள நிறப்புள்ளி பழையதுடன் பொருந்த வேண்டும்: சிவப்பு 10.70, நீலம் 10.67, செம்மஞ்சள் 10.73. மாற்றிய பின், அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டர் கொயிலை மயிரிழை திருப்ப வேண்டிவரும். அதைப் பாட்டு வைத்துச் செய்யாதீர்கள், செய்தி வாசிப்பை வைத்துச் செய்யுங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கீறாமல் வரும் இடம்தான் சரியான இடம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களைக் கேட்டுப் பழகிய காது இதில் எந்த மீற்றருக்கும் குறைந்ததல்ல.

ஸ்டீரியோ உள்ள பெட்டியில் சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும் மோனோவுக்கு மாற்றுங்கள். இரைச்சல் பெருமளவு விழுந்துவிடும். அறுபதுகளின் பாட்டில் பெரும்பகுதி மோனோவில் பதிவானதுதான், எதையும் இழக்கமாட்டீர்கள்.

வீட்டு இரைச்சல்

மத்திய அலையில் எரிச்சலூட்டும் ‘ர்ர்ர்’ எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், ரௌட்டர் அடாப்டர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. பற்றரியில் ஓடும் பெட்டியை நிலையமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி உங்கள் வீட்டில். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பெட்டியைக் கையில் பிடித்துத் தேடலாம். ஒரே மாதிரியான இரண்டு சார்ஜர்களில் ஒன்று அமைதி, மற்றது அமர்க்களம் என்பது சாதாரணம்.

பெட்டிக்கே போன் சார்ஜர் வகைச் சுவிட்சிங் அடாப்டர் போடுவது இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவது. 9 வோல்ட், 500 மில்லிஅம்பியர் இரும்பு ட்ரான்ஸ்போமர், நான்கு 1N4007 டயோட், 2200 மைக்ரோபரட் 25 வோல்ட், 7806 ரெகுலேற்றர், அதன் உள்ளே போகும் காலில் 0.33, வெளியே வரும் காலில் 0.1 மைக்ரோபரட். இவ்வளவுதான் பவர் சப்ளை. 7806க்குச் சிறிய அலுமினியத் தகடு வேண்டும். ஒவ்வொரு டயோட்டுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோபரட் செராமிக் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நிலையத்தைப் பிடித்தவுடன் மட்டும் ஒரு ‘ஹம்’ வரும், நகர்த்தினால் போகும். வடிகட்டும் கண்டென்சரை எவ்வளவு கூட்டினாலும் தீராது. 230 வோல்ட் பக்கத்துக்கு ஃபியூஸ், மூடிய பெட்டி இரண்டும் கட்டாயம்.

கடலுக்கு அப்பாலிருந்து

தூத்துக்குடி வானொலியின் 1053, திருச்சியின் 936 கிலோஹேர்ட்ஸ் கொழும்பு வீடுகளில் வெகுகாலம் பாடியவை. தூத்துக்குடி ஏறத்தாழ 280 கிலோமீற்றர், வடமேற்கே. இடையில் பெரும்பாலும் மன்னார் வளைகுடா. உப்புநீர் மத்திய அலையைத் தரையைவிட நன்றாகக் கடத்தும். கடல் பக்க ஜன்னல் இருந்தால் பெட்டியை அங்கே வையுங்கள். உள்ளே உள்ள பெரைட் தண்டு (மத்திய அலைக்கு ஏரியலாக இருக்கும் கறுப்புத் தண்டு) வடகிழக்கு–தென்மேற்காகக் கிடந்தால் சிக்னல் உச்சம். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் செத்துவிடும். இந்தச் செத்த திசையை இரைச்சலை நோக்கித் திருப்புவதும் ஒரு கலை. இரவில் பாட்டு ஏறி இறங்கிச் சில கணம் நொறுங்கினால் பெட்டியில் பழுதில்லை. வானத்தில் பட்டு வரும் அலை கடல்மேல் வரும் அலையோடு மோதுகிறது.

இன்னும் வேண்டுமென்றால் வளைய ஏரியல்: 60 சென்ரிமீற்றர் பக்கமுள்ள மரச் சட்டம், 5 மில்லிமீற்றர் இடைவெளியில் 13 சுற்று வயர் (32 மீற்றர் வாங்குங்கள்), இரு முனைக்கும் குறுக்கே செத்த பெட்டியிலிருந்து கழற்றிய ட்யூனிங் கண்டென்சர். 365 பிகோபரட் என்றால் பட்டை முழுவதும் பிடிக்கும். ட்ரான்சிஸ்டர் பெட்டியின் பிளாஸ்டிக் கண்டென்சரில் இரு பகுதியையும் சேர்த்து 200 வந்தாலும் 730 கிலோஹேர்ட்ஸ் வரை இறங்கும், மேலே சொன்ன இரண்டுக்கும் அது போதும். பெட்டியோடு வயரால் இணைக்க வேண்டாம். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்க, பெட்டியின் பெரைட் தண்டு சட்டத்துக்குக் குறுக்காக நிற்க, பக்கத்தில் வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால் அடியில் முணுமுணுத்த பாட்டு எழும்பி மேலே வரும். இந்த நிமிடம்தான் முழு வேலைக்கும் கூலி.

ஸ்பீக்கர்

இயர்போன் துளையிலிருந்து 8 ஓம், 6 அங்குலத் தாள் கோன் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்து மரப்பெட்டிக்குள் வையுங்கள். 4 ஓம் போட்டால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சூடேறும். பழைய பெட்டியின் அரை வாட் போதாது என்று எண்ண வேண்டாம். 3 டெசிபெல் கூடுதலாகப் பாடும் ஸ்பீக்கர் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கோனை இரு கைவிரலாலும் சமமாக அழுத்தி உரசல் கேட்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது டயல் விளக்கு. எரிந்த பல்புக்குப் பதிலாக மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று, 330 ஓம் தொடரில், வடிகட்டிய 6 வோல்டிலிருந்து நேரே. 8 மில்லிஅம்பியர் அளவுதான் எடுக்கும், சுவிட்சிங் எதுவும் இல்லாததால் மத்திய அலையில் சத்தமும் சேராது.