ரூட்டரா, ரவுட்டரா?

கணினிப் பயிற்சிக் காணொளிகளுக்குத் தமிழில் வசன வரிகள் எழுதுவது என் வேலை. பேசுகிறவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதிவிடுவேன். போன மாதம் அந்தப் பழக்கம் என் காலை வாரிவிட்டது. ஒரே பாடத்தின் முதல் பாதியை பிரிட்டிஷ்காரர் ஒருவரும் மறுபாதியை அமெரிக்கப் பெண்மணி ஒருவரும் நடத்தியிருந்தார்கள். இணையத் தகவல்களுக்கு வழிகாட்டும் பெட்டியை அவர் ‘ரூட்டர்’ என்றார், இவர் ‘ரவுட்டர்’ என்றார். நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். பார்த்த மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: “ரூட்டர் வாங்கிவிட்டேன். ரவுட்டரும் தனியாக வாங்க வேண்டுமா?”

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்து ஒன்றுதான், அவரவர் வாய்க்கு வந்தபடி வாசித்துக்கொள்வார்கள். தமிழ் எழுத்து அப்படி மழுப்ப விடாது. ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும்.

பிரிட்டிஷ்காரருக்கு வழி என்றால் ‘ரூட்’தான். ‘ரவுட்’ என்றால் படுதோல்வி. மரத்தில் பள்ளம் செதுக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அதை அவரும் ‘ரவுட்டர்’ என்பார். அமெரிக்கர்கள் வழியை இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். புகழ்பெற்ற 66-ஆம் எண் சாலை அங்கும் ‘ரூட்’தான், இணையப் பெட்டி மட்டும் ‘ரவுட்டர்’. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

காணொளியைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது இன்னொன்று பிடிபட்டது. அந்தப் பெண்மணி சொன்னது ‘ரவுட்டர்’கூட அல்ல, ‘ரவுடர்’. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில், அதுவும் பின்னால் வரும் உயிர் அழுத்தமில்லாததாக இருந்தால், டகரம் அமெரிக்க நாக்கில் இளகிவிடுகிறது. இதைக் காட்ட ஒலியியலாளர்கள் தனிக்குறி வைத்திருக்கிறார்கள். நமக்கோ ஒரு ‘ட்’டை எடுத்துவிட்டால் போதும்; ‘பட்டம்’ ‘படம்’ ஆவதுபோல. ‘டேட்டா’ பிரிட்டன், ‘டேடா’ அமெரிக்கா! அன்று முழுவதும் வேலையை விட்டுவிட்டு இப்படிச் சொற்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனைப் பதிப்பைக் குறிக்கும் ‘பீட்டா’வும் பிரிட்டிஷ் ஒலிதான். அமெரிக்கர்கள் ‘பேடா’ என்பார்கள். அதையே கொஞ்சம் அழுத்தி ‘பேட்டா பதிப்பு’ என்று எழுதினால், பயணப்படிக்கு ஏதோ புதிய விதி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்த சண்டை ஈயப்பற்றைப் பற்றியது. பிரிட்டனில் ‘சால்டர்’. அமெரிக்காவில் லகரம் காணாமல் போய் ‘சாடர்’. அமெரிக்கர்கள் சோம்பேறித்தனமாக விழுங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் லகரமே கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் எழுத்தில் செருகியிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழைய ஒலியை விடவில்லை. மனதுக்குள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எழுதியது என்னவோ ‘சால்டர்’தான்.

ஆங்கிலத்தின் கடைசி எழுத்திலும் நாம் பிரிட்டிஷ் கட்சி: ‘இசட்’. ‘ஸீ’ என்று அமெரிக்கர் சொல்வதை எழுதினால் யாரையோ திட்டுவதுபோல இருக்கிறது.

ரூட்டர் என்றே எல்லா இடத்திலும் திருத்தி அனுப்பிவிட்டேன். இந்த வாரம் வந்திருக்கும் பாடத்தில் பேசுகிறவர் ஆஸ்திரேலியர். உலாவி சேமித்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளைக் குறிக்கும் சொல்லை பிரிட்டனும் அமெரிக்காவும் பணத்தைச் சொல்வது போலவே சொல்ல, இவர் தெளிவாக ‘கேஷ்’ என்று ஏகாரத்தை நீட்டுகிறார். தமிழ் எழுத்துக்கென்றே பிறந்த உச்சரிப்பு என்று மகிழ்ந்துபோய், “அடிக்கடி கேஷைக் காலி செய்யுங்கள்” என்று எழுதினேன். பணத்தையும் நாம் அப்படித்தானே எழுதுகிறோம்! கல்லாப்பெட்டியைத் துடைத்துவிடச் சொல்வதுபோல இருக்கிறது. அந்த ஒரு வரி இன்னும் முடியவில்லை.