தேன்பெட்டிகளை ஏற்காட்டுக்கு ஏற்றிச் செல்ல வண்டி தேடிய அனுபவம்

அயோத்தியாப்பட்டணத்தை அடுத்த எங்கள் தென்னந்தோப்பில் நியூட்டன் பெட்டி எனப்படும் சிறிய மரக்கூடுகள் 40-இல் இந்தியத் தேனீக்களை வளர்த்து வருகிறேன். மார்ச் மாதத்தில் சேர்வராயன் மலையில் கோடை மழை விழுந்தால், எட்டுப் பத்து நாட்களில் காப்பிச் செடிகள் ஒருசேரப் பூத்துவிடும். அந்தப் பூ மூன்று நான்கு நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. மழை பெய்த செய்தி எஸ்டேட்டிலிருந்து வந்த சில நாட்களுக்குள் பெட்டிகள் மலையேறி, தேனீக்கள் புது இடத்தைப் பழகியிருக்க வேண்டும். அதுவும் இரவில்தான் ஏற்ற முடியும், ஏனென்றால் மேயப்போன தேனீக்கள் இருட்டிய பிறகே முழுவதுமாகக் கூடு திரும்புகின்றன. சொன்ன இரவில் வாடகை வண்டி கிடைப்பது அரிது என்பதால்தான் சொந்தமாக ஒரு வண்டி வாங்கும் எண்ணம் முதலில் எழுந்தது.

அந்த எண்ணத்தை முடிவாக மாற்றியது ஓர் இழப்பு. ஓராண்டு வேறு வண்டி அமையாததால், நாற்புறமும் அடைத்த கூண்டு வண்டி ஒன்றில் பெட்டிகளை ஏற்றினோம். அடிவாரத்தில் ஓட்டுநர் வண்டியை நெடுநேரம் நிறுத்திவிட்டார். குலுங்கிக் கலவரப்பட்ட தேனீக்கள் கூட்டைக் குளிர்விக்கச் சிறகடிக்கும். வெளிக்காற்று வராத இடத்தில் அந்த உழைப்பே மேலும் வெப்பமாகிவிடும். மேலே போய்க் கதவைத் திறந்தபோது ஆறு பெட்டிகளின் வாசல் வழியே தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இளகிய தேனடைகள் அவற்றைத் தாங்கும் சட்டத்தை விட்டுச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. இடையில் தேனில் நனைந்த தேனீக்கள் கருப்பாக, அசைவற்றுக் கிடந்தன. இன்றும் அந்தக் காட்சியை நினைத்தால் மனம் கனத்துவிடுகிறது. உயிர் பிழைத்த குடும்பங்களிலும் இரண்டு, அடுத்த வாரமே கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிட்டன. தொந்தரவு மிகுந்தால் இடத்தை விட்டு ஓடிவிடுவது இந்தியத் தேனீயின் இயல்பு.

ஆகவே திறந்த தளமுள்ள வண்டிதான் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. எவ்வளவு பெரியது என்பதில்தான் தவறான கணக்குப் போட்டேன். மலைப்பாதை, எஸ்டேட் மண்சாலை, தேன் பிழியும் இயந்திரம் என எல்லாவற்றையும் எண்ணி, ஒன்றரை டன் பாரம் ஏற்றும் பிக்கப் ஒன்றை ஏறக்குறைய பேசி முடித்துவிட்டேன். நல்லவேளையாக, அதைப் பார்க்க அழைத்துச் சென்ற மெக்கானிக் அண்ணன் எத்தனை கிலோ ஏற்றப்போகிறேன் என்று கேட்டார். தேனறைகளைக் கழற்றிய பிறகு ஒரு பெட்டி தேனீக்களோடு சேர்த்துப் பத்துக் கிலோ வரும். மற்ற சாமான்களையும் சேர்த்தால் அரை டன்தான். "ஏனுங்கம்மா, ஒன்றரை டன் வண்டியில அரை டன்ன ஏத்துனா பட்டை அசையவே அசையாதுங்க. வண்டி குதிச்சுக்கிட்டேதான் போகும்" என்றார். பட்டை என்று அவர் சொன்னது, வண்டியின் அடியில் பாரத்தைத் தாங்கும் வில்தகடுகளை.

அவர் சொன்னதை நானே சோதித்துப் பார்த்தேன். குறைந்த பாரத்தோடு பிக்கப்பின் தளத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு சொம்பை வைத்து, குப்பனூர் சாலையில் சிறிது தூரம் ஓட்டச் சொன்னேன். பாதித் தண்ணீர் கூட மிஞ்சவில்லை. அடுத்த வாரம் அதே சொம்பை, அதே சாலையில், முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாக ஏற்றக்கூடிய பழைய மாருதி சூப்பர் கேரி ஒன்றில் மணல் மூட்டைகளோடு வைத்துப் பார்த்தபோது, கழுத்தளவுத் தண்ணீர் அப்படியே நின்றது. தாங்கும் அளவுக்கு நெருக்கமான பாரம் ஏறும்போதுதான் பட்டை வளைந்து கொடுக்கிறது. இரண்டு சிலிண்டர் வண்டிகளையும் பார்த்தேன். இதன் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் அதிர்வு குறைவாக இருந்ததால் இதையே எடுத்தேன். கேஸில் ஓடும் வண்டி செலவில் சிக்கனம்தான். ஆனால் ஏற்றத்தில் இழுவை போதாது என்று பட்டதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

சட்ட நடைமுறையில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும் என்பதால், இரண்டு அடுக்காகப் பெட்டிகளை வைக்க உதவும் மரச்சட்டத்தைப் பற்றவைக்காமல், போல்ட் போட்டுக் கழற்றும்படி ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். ஏழடி நீளத் தளத்தில் அடுக்குக்கு 20 பெட்டிகள், நடுவே காற்றுக்கு நான்கு விரல் இடைவெளி.

பெட்டிகளை வைக்கும் திசை எனக்கு நீண்ட நாள் குழப்பமாகவே இருந்தது. அடைகள் வண்டியின் நீளவாக்கில் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஒன்றோடொன்று மோதாது. ஆனால் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் ஆடும். அதற்காக ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையே மூங்கில் சிம்பு செருகி அசையாமல் இறுக்குகிறேன். அடிவாரத்திலிருந்து ஏறும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதால், எங்களுக்கு அருகிலுள்ள குப்பனூர் வழியையே பயன்படுத்துகிறேன். வாசல்களைக் கம்பிவலையால் அடைத்துவிட்டால், எஸ்டேட் சேரும்வரை வண்டியை நிறுத்துவதில்லை.

சிறிய சக்கரங்கள் என்பதால் எஸ்டேட்டுக்குள் கடைசிப் பாதை மழையில் சிரமம்தான். சென்ற முறை சேறு கண்ட இடத்தில் இறங்கி, மீதமிருந்த தொலைவுக்குப் பெட்டிகளை மேஸ்திரியும் நாங்களும் கையிலேயே சுமந்தோம். விடியுமுன் வலைகளை எடுத்தபோது 40 வாசல்களிலும் காவல் தேனீக்கள் வந்து நின்றன. ஒரு பெட்டியிலும் அடை உடையவில்லை.