கம்பெனியே இல்லாத ஃபோர்க்லிஃப்ட் எத்தனை டன் தூக்கும்?

பழைய ஃபோர்க்லிஃப்ட்டை ஏலத்தில் எடுத்தவர்கள் என்னைக் கூப்பிட்டதும் கேட்பது, மேனுவல் கிடைக்குமா என்பதுதான். எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் ஆயில் என்று பார்க்க அவர்களுக்கு அது வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. எந்த உயரத்தில், ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் இரும்புக் கரத்தின்) நிமிர்ந்த முகத்திலிருந்து சுமையின் மையம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, எத்தனை கிலோ? மூன்றும் சேர்ந்ததுதான் வண்டியின் திறன். வெறுமனே ‘மூன்று டன் வண்டி’ என்பது விற்கிறவர் பேச்சு.

பெயர் மறைந்த கம்பெனிகள் எல்லாமே செத்துப்போனவை அல்ல. இங்கிலாந்தின் லான்சிங் பாக்னலை 1989-ல் ஜெர்மனியின் லிண்டே வாங்கியது. ஹைஸ்டரும் யேலும் இன்று ஒரே நிறுவனம். இப்படி வாரிசு இருந்தால் வண்டியின் வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். மாடல் எண் மட்டும் போதாது. ஒரே மாடலில் மாஸ்ட், அதாவது ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம், உயரம் குறைந்ததும் வரும், கூடியதும் வரும், திறன் அதற்கேற்ப மாறும். வரிசை எண்ணும் திறனும் அடித்த நேம் பிளேட் போயிருந்தாலும் சேஸிஸில் எண் குத்தியிருக்கக்கூடும். பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள்.

பல்கேரியாவின் பால்கன்கார் வேறு கதை. சோவியத் அணி நாடுகள் தொழில்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது ஃபோர்க்லிஃப்ட் பல்கேரியாவின் பங்குக்கு வந்தது. உலகின் பெரிய ஃபோர்க்லிஃப்ட் உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த அமைப்பு, 1989-ல் ஆட்சி விழுந்த பிறகு சந்தையை இழந்து சிதறியது. பெயர் மட்டும் இன்னும் புழங்குகிறது. அந்த வண்டிகளின் பிளேட் பல நேரம் சிரிலிக் எழுத்தில் இருக்கும். அதில் ஆங்கில ‘B’ போலத் தெரிவது உண்மையில் ‘V’. டீசல் வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டெழுத்தை ‘DV’ என்று அடித்துத் தேடினால்தான் ஏதாவது அகப்படும்.

எஞ்சின், பல்கேரியாவின் வர்னா நகரில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் உரிமத்தில் செய்தது. அதே பெர்கின்ஸ் வழி வந்த சிம்ப்சன் எஞ்சினில் கை பழகிய நம் ஊர் மெக்கானிக்குக்கு அது அந்நியம் இல்லை. ஆபத்தே அங்கேதான் என்பேன். எஞ்சின் ஓடுகிறது, உதிரி பாகம் கிடைக்கிறது, ஆகவே வண்டி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அப்படி ஒன்று நின்றது. பிளேட் இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள். அவற்றின் மேலும் புது மஞ்சள் பெயிண்ட். முதலாளி ஃபோர்க்கின் பக்கவாட்டைக் காட்டினார். 2500 × 500 என்று குத்தியிருந்தது: 500 மில்லிமீட்டர் தள்ளி 2,500 கிலோ.

“தம்பி, ஒரு ஃபோர்க் இரண்டரை டன். இரண்டு ஃபோர்க்குக்கு ஐந்து டன். கணக்கு சரிதானே?”

“சரிதான் ஐயா. ஆனால் அது ஃபோர்க்கின் கணக்கு, வண்டியின் கணக்கு இல்லை.”

ஃபோர்க் மாட்டும் முன்புறச் சட்டத்தின் அளவு ஒத்துவந்தால் எந்த வண்டியின் ஃபோர்க்கையும் எதிலும் மாட்டலாம். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்து எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோய், பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். 2,400 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.8 மீட்டர், பெருக்கினால் 4,320. முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை 0.45 மீட்டர், அங்கிருந்து சுமையின் மையம் வரை 0.5, ஆக 0.95. வகுத்தால் சுமார் 4,550 கிலோ. இது தூக்கும் திறன் அல்ல. ஃபோர்க் தரையோடு இருக்கும்போதே பின்சக்கரம் கிளம்பிவிடும் எடை. ஐந்து டன்னை ஏற்றியிருந்தால் வண்டி குப்புறச் சாய்ந்திருக்கும்.

மாஸ்ட் உயர்ந்தால், பிரேக் பிடித்தால், தரை சரிந்திருந்தால் இன்னும் குறையும். அதனால்தான் வண்டியை மேடையில் நிறுத்திச் சாய்த்துப் பார்க்கும் சாய்மேடைச் சோதனை வைத்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 22915 என்ற சர்வதேசத் தரத்தின்படி, ஐந்து டன்னுக்குக் குறைந்த எதிர்எடை வண்டி (முன்னால் ஏறும் சுமையைப் பின்னால் உள்ள கனத்தால் சமன்செய்வது), முழுச் சுமையை முழு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு 4 சதவீதச் சரிவில் கவிழாமல் நிற்க வேண்டும். எடை மேடைக் கணக்கை வைத்து ஒரு பொய்யைப் பிடிக்கலாம். பிளேட்டில் எண் அடிக்க முடியாது.

ஃபோர்க்கின் தடிமனையும் காலிப்பரால் அளந்தேன். நிமிர்ந்த பகுதி 50 மில்லிமீட்டர், வளைவை ஒட்டிய அடிப்பகுதி 44. ஐஎஸ்ஓ 5057-ன்படி 10 சதவீதம் தேய்ந்தாலே ஃபோர்க்கைக் கழித்துக்கட்ட வேண்டும். வளையாமல் தாங்கும் வலிமை தடிமனின் இருமடியைப் பொறுத்தது. பத்து சதவீதம் தேய்ந்தால் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். “இரும்பு தம்பி, எங்கே போகும்?” என்றார் முதலாளி. பட்டறைத் தரையில் வாசல்வரை இழுபட்டிருந்த இரட்டைக் கோடுகளைக் காட்டினேன். ஃபோர்க்கைத் தூக்கும் செயினை அளக்க அவரே டேப் எடுத்து வந்தார். அது 3 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றியாக வேண்டும்; நல்ல வேளை, நீளவில்லை.

தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொன்னது. அதன் பட்டியலில் ஃபோர்க்லிஃப்ட் என்ற பெயர் இல்லை என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வண்டியை நான் தொடுவதில்லை. இவர் வாதாடவில்லை. ஃபோர்க்கை மாற்றி, பொறியாளரை வரவழைத்தார். அவர் எழுதிக்கொடுத்தது 3 மீட்டர் உயரம் வரை இரண்டு டன். முதலாளிக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் புதுப் பிளேட்டை அந்த நான்கு துளைகளிலேயே அடித்தார்.

பேட்டரியில் ஓடும் வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே பேட்டரியும் எதிர்எடையில் ஒரு பங்கு. குறைந்தபட்சம் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பதும் பிளேட்டில்தான் இருக்கும். பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியத்தைப் போட்டிருந்தால், அசல் பிளேட் பத்திரமாக இருந்தாலும் அதிலுள்ள டன் கணக்கு செல்லாது.